ஏழு காயும் ஒரு பொய்யும்

வெளிநாடு போகும் சைவர்களில் மூன்று ரகம் உண்டு. முதல் ரகம், 'ஆபத்துக்குப் பாவமில்லை' என்று கொள்கையை ஏர்போர்ட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு விமானம் ஏறுவது. இரண்டாவது, 'முட்டை மட்டும்' என்று ஆரம்பித்து, மூன்றாம் நாள் முட்டையின் அம்மாவில் வந்து நிற்பது. மூன்றாவது, பட்டினி கிடப்பது.

போன மார்கழியில் என்னோடு மொராக்கோ வந்த தம்பி மூன்றாவது ரகம்.

பெயர் வேண்டாம். வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தம்பி என்றே வைத்துக்கொள்வோம். வயது இருபத்தாறு. எங்கள் ஆபீஸில் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. சொந்த ஊர் வடலூர்ப் பக்கம். தாத்தா காலத்திலிருந்தே வள்ளலார் வழி. 1867-ல் வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிற ஊர்க்காரன். ஆனால் காஸாபிளாங்காவில் அவன் வயிற்றில் எரிந்த அடுப்பை அணைக்கத்தான் ஆளில்லை.

நான் எந்த ரகம் என்கிறீர்களா? அமாவாசை, கிருத்திகை, மனைவிக்குக் கோபம் வந்த நாள். இந்த மூன்று தினங்களில் மட்டும் சுத்த சைவம்.

மொராக்கோவில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். எல்லாம் உரம் சமாசாரம். நம் வயலில் போடுகிற டி.ஏ.பி.க்குப் பாஸ்பேட் வேண்டும். உலகத்துப் பாஸ்பேட் பாறை இருப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மொராக்கோ கணக்கில்தான் இருக்கிறது. கூரிப்கா என்ற ஊரில் 1921-லிருந்து தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள், இன்னும் தீரவில்லை. அங்கிருந்து வரும் சரக்கை, கப்பலில் ஏற்றுவதற்கு முன் சாம்பிள் எடுத்து, ரிப்போர்ட்டோடு ஒத்துப்பார்த்து, 'சரி' என்று கையெழுத்துப் போடுவது எங்கள் வேலை. அதாவது, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடித்து உள்ளது உள்ளபடி சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

தம்பி முன்னேற்பாடு இல்லாமல் வரவில்லை. அம்மா ஒரு சூட்கேஸ் முழுக்கப் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, தட்டை, அவல், எலெக்ட்ரிக் கெட்டில் என்று ஒரு மளிகைக் கடையையே கட்டிக்கொடுத்திருந்தார். விமானம் மாறிய இடத்தில் தம்பி மாறினான், சூட்கேஸ் மாறவில்லை. "நாளைக்கு வந்துடும்" என்றார்கள். நாளை என்ற சொல்லுக்கு எல்லா ஊரிலும் ஒரே அர்த்தம்தான் போலிருக்கிறது.

முதல் நாள் ரொட்டியும் ஆரஞ்சும். இரண்டாம் நாள் ஆரஞ்சும் ரொட்டியும். மூன்றாம் நாள் மெனுவில் ஒரு மாற்றம்: ஆலிவ் காய். நான் எதிரே உட்கார்ந்து, கூம்பு மூடி போட்ட தாஜின் சட்டியில் ஆட்டிறைச்சியும் உலர்ந்த ப்ளம் பழமும் வெந்து வருவதை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தேன். "நீங்க சாப்பிடுங்க சார், எனக்குப் பசிக்கலை" என்பான். சொல்லி முடிப்பதற்குள் அவன் வயிறு மறுப்புத் தெரிவிக்கும். டேபிளுக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்கும்.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. மொராக்கோவில் வெள்ளிக்கிழமை மத்தியானம் என்றால் குஸ்குஸ். தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பெரிய தாம்பாளத்தில் குவித்துச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவரவர் தனக்கு நேராக இருக்கும் பகுதியைத்தான் எடுக்க வேண்டும். அடுத்தவர் எல்லையில் கை வைக்கக் கூடாது. (இந்த ஒரு விதியை நம் ஆபீஸ்களில் கொண்டுவந்தால் பாதிச் சண்டை தீரும்.) 2020-ல் அல்ஜீரியா, மொராக்கோ, துனீசியா, மாரிடேனியா நாலு நாடும் சேர்ந்து இந்த குஸ்குஸை யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏற்றிவிட்டன.

துறைமுகத்துப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு மொத்தம் பதினோரு வார்த்தை. அதில் இரண்டைச் செலவு செய்தேன்: "ஸான் வியாந்த்." கறி இல்லாமல். சர்வர் மார்பில் கை வைத்து "நோ ப்ராப்ளம்" என்றார்.

வந்தது பாருங்கள்! பொன் நிறத்தில் பொலபொலவென்று ஒரு குவியல். உச்சியில் பூசணி, கேரட், டர்னிப், முட்டைக்கோஸ் என்று ஏழு காய், இலவச இணைப்பாகக் கொண்டைக்கடலை. எல்லாவற்றின் மேலும் மஞ்சளாக ஒரு குழம்பு. தம்பி ஒரு வாய் வைத்தான். கண்ணை மூடினான்.

"சார்... திருவாதிரைக் களியும் ஏழுகறிக் கூட்டும் மாதிரியே இருக்கு சார். மார்கழி மாசம் அம்மா பண்ணுவாங்க."

குரல் லேசாகத் தழுதழுத்தது. மூன்று நாள் பட்டினிக்காரன், அம்மா ஞாபகம் வேறு. பிறகு அவன் பேசவில்லை. கைதான் பேசியது.

நான் ஆசைக்கு அவன் தட்டின் ஓரத்திலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டேன். போட்டதும் நாக்கு ரிப்போர்ட் கொடுத்துவிட்டது. முப்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் பழகின நாக்கு, பொய் சொல்லாது. அது ஆட்டுக்கறி வெந்த தண்ணீர்.

விஷயம் இதுதான். குஸ்குஸ் சட்டி நம் புட்டுக்குடம் மாதிரி இரண்டு அடுக்கு. கீழ்ப் பானையில் வெங்காயம், கறி, காய் எல்லாம் கொதிக்கும். மேலே ஓட்டை போட்ட தட்டில் ரவை மணிகள். கீழேயிருந்து எழும்புகிற ஆவியில்தான் அவை வேகும். சர்வர் மோசக்காரர் இல்லை. 'கறி இல்லாமல்' என்றால் அவர் அகராதியில், பரிமாறும்போது கறித்துண்டை எடுத்துவிட்டுக் கொடுப்பது. கேட்டதைக் கொடுத்தார். எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

தட்டை மறுபடி பார்த்தேன். கேரட்டுக்குப் பக்கத்தில் நூல் மாதிரி ஒன்று. நாரா, காய்ப் பிசிறா என்று சந்தேகப்படத் தேவையில்லாத நூல்.

தம்பி மும்முரமாகக் கொண்டைக்கடலையைத் துரத்திக்கொண்டிருந்தான். நான் என் ஸ்பூனால் அந்த நூலை மெல்லத் தள்ளி, எனக்கு நேராக இருந்த பூசணித் துண்டுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

"சார், உப்பு சரியா இருக்கா?"

"பிரமாதம். நல்லா சாப்பிடுப்பா."

ஒரு மனிதன் தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்ள எத்தனை வேகமாக வக்கீல் வைக்கிறான் தெரியுமா? அந்த ஐந்து நிமிஷத்தில் எனக்கு மூன்று வக்கீல்கள் கிடைத்தார்கள். 'பையன் மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு?' என்றார் ஒருவர். 'தெரியாமல் சாப்பிட்டால் தோஷமில்லை' என்றார் இன்னொருவர். மூன்றாமவர் படு கில்லாடி: 'பசித்தவனுக்குச் சோறு போடச் சொன்னவரே வள்ளலார்தானே?' என்று அவன் கட்சி சாட்சியையே என் பக்கம் இழுத்துவிட்டார். தீர்ப்பு எனக்குச் சாதகம். அன்று ராத்திரி மட்டும் ஏனோ தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை லீவு. காலை ரயிலைப் பிடித்து ஃபெஸ் நகரம் போனோம். நாலு மணி நேரம். பழைய ஊருக்குள் நுழைய நீலவாசல் என்று ஒன்று. 1913-ல் கட்டியது. வெளிப்பக்கம் நீல ஓடு, உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் பச்சை. (போகும்போது ஒரு கலர், வரும்போது ஒரு கலர். சில மேனேஜர்கள் ஞாபகம் வந்தார்கள்.) உள்ளே கார், ஆட்டோ எதுவும் கிடையாது. சந்துகள்தான். எதிரே கழுதை மேல் மூட்டை வரும். "பாலாக்! பாலாக்!" என்று பின்னாலிருந்து குரல் வந்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். 'ஓரம் போ' என்று அர்த்தம். தி.நகர் ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தின நாள் துணி வாங்கினவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி.

ஒரு சந்தின் திருப்பத்தில் தம்பி நின்றுவிட்டான். கதவில் சாக்பீஸால் எழுதின சின்னப் பலகை. பிரெஞ்சில் 'வெஜிடேரியன்' என்ற வார்த்தை மட்டும் எங்களுக்குப் புரிந்தது.

நாலே நாலு மேஜை. உள்ளே அடுப்படியில் தலையில் துணி கட்டின ஓர் அம்மாள். அவர் அக்கா பையனாம், இருபது வயதுப் பையன், பரிமாறவும் இங்கிலீஷ் பேசவும். தம்பி உட்கார்ந்த உடனே சொல்லிவிட்டான்: "குஸ்குஸ். ஸான் வியாந்த். நேத்து சாப்பிட்டது மாதிரி!"

பையன் உள்ளே போய்ச் சொன்னான். அம்மாள் கரண்டியோடு வெளியே வந்தார். தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். அரபியில் ஏதோ கேட்டார்.

பையன் மொழிபெயர்த்தான்: "அத்தை... இல்லை, சின்னம்மா கேக்கறாங்க. உங்களுக்குத் தட்டுல கறி வேண்டாமா, இல்லை சட்டியிலேயே கறி வேண்டாமா?"

எனக்கு அடிவயிற்றில் ஒரு கழுதை உதைத்தது.

"புரியலையே?" என்றான் தம்பி.

பையன் பொறுமையாக விளக்கினான். பலகையில் எழுதியிருக்கும் சாலட், பருப்பு, மொச்சையெல்லாம் சுத்தமாகக் காய்கறிதான். ஆனால் குஸ்குஸ் மட்டும், அவர்களும் எல்லாரையும் போலக் கறி வெந்த குழம்பில்தான் வைப்பார்கள். வேண்டாம் என்றால் சின்னம்மா புதிதாக வெறும் தண்ணீரில் வைத்துத் தருவார். மூன்று தடவை ஆவி கட்ட வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஆகும். காத்திருக்க முடியுமா?

"எல்லாக் கடையிலயும் கறிக் குழம்புலதான் வைப்பாங்களா?"

"பெரும்பாலும் அப்படித்தான், நீங்க சொல்லலைன்னா."

தம்பி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான். கோபப் பார்வை இல்லை. லேப் ரிப்போர்ட்டில் ஒரு நம்பர் உதைக்கும்போது அவன் பார்க்கிற பார்வை.

"சார், நேத்து நீங்க ஒரு ஸ்பூன் எடுத்தீங்களே?"

வக்கீல்கள் மூன்று பேரையும் தேடினேன். ஒருத்தரையும் காணோம்.

"எடுத்தேன்."

"தெரிஞ்சுதா?"

"...தெரிஞ்சுது."

அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். தம்பி பையனிடம், "காத்திருக்கோம்" என்றான்.

ஒன்றரை மணி நேரம். ஆபீஸில் சுலபமாகப் போகிற ஒன்றரை மணி நேரம் அங்கே நகரவே இல்லை. நடுவில் பையன் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தான். முதலில் பிஸாரா. காய்ந்த மொச்சை மாதிரி ஒரு பருப்பை நன்றாக மசித்து, மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றிச் சீரகப்பொடி தூவின கெட்டி சூப். குளிருக்கு இதமாக அவர்கள் காலையிலேயே குடிப்பது. அடுத்து ஸாலூக். கத்திரிக்காயும் தக்காளியும் பூண்டும் மசிந்த சமாசாரம். சிதம்பரம் கொத்சுவுக்கு ஒன்று விட்ட சகோதரன். அப்புறம் குடைமிளகாயும் தக்காளியும் வதக்கின தக்தூக்கா. தொட்டுக்கொள்ளச் சுடச்சுட ரொட்டி. பரோட்டா ரசிகர்களுக்கு ஒரு தகவல்: அங்கே ம்ஸெம்மென் என்று ஒன்று இருக்கிறது. எண்ணெய் தடவி மடித்து மடித்துச் சுடுவது. நம்முடையது வட்டம், அது சதுரம். மற்றபடி ஒரே குடும்பம்.

தம்பி ஒவ்வொன்றாக நிதானமாகச் சாப்பிட்டான். என்னிடம் பேசவில்லை. குற்றவாளிக்கு மௌனத்தைத் தாங்க முடியாது. சரித்திரத்தில் குதித்தேன்.

"தம்பி, இபின் பதூதா தெரியுமா? இந்த நாட்டுக்காரர்தான். 1304-ல டான்ஜியர்ல பிறந்தவர். ஊரையெல்லாம் சுத்திட்டு நம்ம மதுரைக்கே வந்திருக்கார். அப்ப மதுரையில சுல்தானா இருந்தவர் இவருக்குச் சகலைன்னா பாத்துக்கோயேன்! அங்க ஊரே விஷக்காய்ச்சல். இவருக்கும் வந்து படுத்துட்டார். கடைசியில எது காப்பாத்திச்சு தெரியுமா? புளி! ஒரு ராத்தல் புளியைத் தண்ணியில கரைச்சுக் குடிச்சாராம். மூணு நாள் வயித்தைச் சுத்தம் பண்ணிக் காய்ச்சலை விரட்டிடுச்சு. அப்புறம் இதே ஃபெஸ்ல உட்கார்ந்துதான் பயணக் கதை முழுக்கச் சொல்லி எழுத வச்சார். 1355-ல முடிஞ்சுது. ஆக, மொராக்கோக்காரர் உயிரை மதுரைப் புளி காப்பாத்திச்சு. அதான் இன்னிக்கு இந்த அம்மா உனக்குச் சமைக்கறாங்க, ஹி...ஹி..."

தம்பி ரொட்டியைப் பிய்த்தபடியே கேட்டான்: "அவர் புளின்னு தெரிஞ்சுதானே சார் குடிச்சாரு?"

சரித்திரம் அத்தோடு முற்றும்.

கொஞ்ச நேரம் கழித்து நானே சொன்னேன். "தம்பி, நீ மூணு நாளா ஒண்ணும் சாப்பிடலை. அம்மா ஞாபகம் வந்துடுச்சுன்னு சொன்னே. எனக்கு மனசு வரலைப்பா. சொல்லியிருந்தா கையை உதறிட்டு எழுந்து போய்ப் பட்டினி கிடந்திருப்பே."

"கிடந்திருப்பேன் சார்" என்றான். "ஆனா அது என் பட்டினி சார்."

இருபத்தாறு வயசுப் பையன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் எத்தனையோ மெமோ வாங்கியிருக்கிறேன். இதற்கு மட்டும் பதில் எழுதத் தெரியவில்லை. அவன் பசியைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன், சரி. ஆனால் அவன் என்ன சாப்பிடுவது என்பதை முடிவு பண்ணும் அதிகாரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டேனே, அதை யார் கொடுத்தது? தாம்பாளத்தில் அவனுக்கு நேராக இருந்த பகுதியில் கை வைத்தவன் நான்தான்.

"தப்பு என்னுதுதான்" என்றேன். வேறு அலங்காரம் எதுவும் சேர்க்கவில்லை.

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

குஸ்குஸ் தயாரானதும் ஒரு வேடிக்கை. அம்மாள் அதைத் தட்டில் கொண்டுவரவில்லை. தம்பியை அடுப்படிக்கே கூப்பிட்டார். கீழ்ப் பானையைத் திறந்து, கரண்டியை அடி வரை விட்டுத் துழாவி, தூக்கிக் காட்டினார். வெங்காயம், பூசணி, கொண்டைக்கடலை, மஞ்சள், இஞ்சி. இன்னொரு தடவை துழாவினார். "ஷுஃப்" என்றார். பார்த்துக்கொள் என்று அர்த்தம். சாம்பிள் எடுப்பதில் எங்கள் கம்பெனியில் எனக்குத்தான் நல்ல பெயர். அவரிடம் நான் டிரெயினிங் எடுக்க வேண்டும்.

தம்பி சாப்பிட்டான். "நேத்தைவிட டேஸ்ட் கொஞ்சம் கம்மிதான் சார்" என்று அவனே சொன்னான். சொல்லிவிட்டு, நாலு நாளில் முதல் தடவையாக, வாய் விட்டுச் சிரித்தான். ஏப்பம் விட்டான். பையன் புதினா டீயை ஒரு முழ உயரத்திலிருந்து கிளாஸில் இறக்கினான். நம்மூர் டீ மாஸ்டர் பார்த்தால் கை கொடுத்திருப்பார். சர்க்கரையைப் பார்த்தால் டாக்டர் கை கொடுக்க மாட்டார். அம்மாள் வாசல் வரை வந்து "ப்ஸ்ஸஹா" என்றார். உடம்பில் ஒட்டட்டும் என்ற மாதிரி ஒரு வாழ்த்து. அதையும் தம்பியைப் பார்த்துத்தான் சொன்னார்.

மொராக்கோ போகும் சைவ வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. 'ப்ளா ல்ஹம்' என்றால் கறி இல்லாமல். அது போதாது. 'ப்ளா மர்க்கா' என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். மர்க்கா என்றால் குழம்புத் தண்ணீர். அதற்குமேல் கூட வருகிறவர் முகத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று தம்பியிடம் கேட்டேன். (இப்போதெல்லாம் கேட்டுவிட்டுத்தான் செய்கிறேன்.)

"எழுதுங்க சார். ஆனா நூலைப் பூசணிக்காய்க்கு அடியில ஒளிச்சீங்கன்னு ரயில்ல சொன்னீங்களே, அதையும் விடாம எழுதணும்."

எழுதிவிட்டேன்.

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"வந்த அன்னிக்கே சொல்லிட்டேன் சார்."

"என்ன சொன்னாங்க?"

"யாரு அந்த சாருன்னு கேட்டாங்க."

எனக்கு வியர்த்தது. போன வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தவன், என் மேஜையில் ஒரு டப்பாவை வைத்தான். அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு. மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகத் திறந்தேன். மேலே நாலாக மடித்த ஒரு காகிதம். அழகான கையெழுத்து.

'அரிசி மாவு, உளுந்து மாவு, வெண்ணெய், எள், பெருங்காயம், உப்பு. வேறு எதுவும் இல்லை.'